முகிலியின் ஆறாவது விரல்

குளத்தூர்,
நவம்பர் 3, 2025

லிஷா,

போன் செய்தால் பேச்சு எங்கே போய் முட்டும் என்று இருவருக்கும் தெரியும். நீ பாறசாலைக்கு உன் அப்பா வீட்டுக்குப் போன பிறகு பேசிய இரண்டு முறையும் அப்படித்தான் முடிந்தது. அதனால் மெயிலில் எழுதுகிறேன். வழக்கமாக ஃபைலோடு ஒரு வரி எழுதி அனுப்புவேன், இன்று ஒரு வரி போதாது.

நாம் வரைந்த முகிலி படத்தில் வம்பு வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை 'ஏழு துறைகள்' நாவலின் வாசகர் குழுவில் அதைப் போட்டேன் அல்லவா? காலையில் எல்லாரும் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். ஆறு பாகமும் படித்து மனத்தில் பார்த்த தோணிக்காரி இவள்தான் என்றார்கள். விடிவதற்கு முன் ஆற்றின்மேல் கிடக்கும் அந்தச் சாம்பல்பச்சையை, ஆறு கடலில் சேரும் பூவார் பொழிமுகத்தில் நின்று நீ பார்த்துவைத்த நிறத்தை, புகழாதவர் இல்லை. எங்கோ இல்லாத நாட்டில் தோணி விடுகிறவளுக்கு நீ பாலராமபுரம் கைத்தறி முண்டு உடுத்திவிட்டதைக்கூட யாரும் கேட்கவில்லை. மத்தியானம் ஒருவன் தோணி வடத்தைப் பிடித்திருக்கும் அவள் கையைப் பெரிதாக்கி, சிவப்பு வட்டம் போட்டுக் காட்டினான். அந்தக் கையில் ஆறு விரல்கள்.

பிறகு கேட்க வேண்டுமா? இது மனுசன் வரைந்ததே இல்லை, மெஷின் தானாகப் போட்டுத் தள்ளிய படம், அதற்குத்தான் விரல் எண்ணத் தெரியாது என்று ஆரம்பித்தார்கள். இப்போது நம் பழைய படங்களை எல்லாம் தோண்டி எடுத்து விரல் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். இத்தனை வருடமும் இந்த ஆள் ஏமாற்றியிருக்கிறான் என்கிறார்கள். நம் இருவரையும் ஒரே ஆள் என்றுதான் அங்கே எல்லாரும் நினைத்திருக்கிறார்கள்.

அதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. கடைசிப் பாகத்தில் வாசகர்கள் வரைந்த படங்களுக்காகச் சில பக்கங்கள் ஒதுக்கி, முதல் பக்கம் நம் முகிலிக்கு என்று பதிப்பாசிரியர் சத்தியதாஸ் சார் சொல்லியிருந்தார். நேற்று நாகர்கோவிலிலிருந்து எழுதியிருக்கிறார். படம் கையால் வரைந்தது என்று காட்டாவிட்டால் எடுத்துவிட வேண்டியிருக்குமாம். மாதக் கடைசியில் புத்தகம் அச்சுக்குப் போகிறது. முதல் பாகத்தை நீ எனக்குப் படிக்கத் தந்ததிலிருந்து இந்தக் கதையின் பின்னால்தான் நடந்திருக்கிறோம். கடைசிப் படியில் வந்து இப்படி ஆகிவிட்டது.

நீ லாபிலிருந்து களைத்து வந்து அவசரத்தில் நிறம் போட்டிருப்பாய். குற்றமாகச் சொல்லவில்லை. என்ன நடந்தது என்று மட்டும் எழுது.

ஸ்ரீஜித்


பாறசாலை,
நவம்பர் 5

ஸ்ரீ,

குற்றமாகச் சொல்லவில்லை என்று எழுதிவிட்டால் குற்றம் இல்லாமல் போய்விடுமா?

நெய்யாற்றின்கரை லாபில் காலையிலிருந்து சாயங்காலம்வரை வைப்புப் பல்லுக்கு நிறம் ஒப்புப் பார்க்கிறவள் நான். அங்கே வெள்ளை என்று ஒன்று இல்லை, ஆளுக்கொரு வெள்ளை. அதைப் பார்த்துப் பார்த்துக் கண் எரிந்தால் அன்றைக்கு ஃபைலைத் திறக்கவே மாட்டேன். அவசரத்தில் நிறம் போட்டதே இல்லை. இது உங்களுக்குத் தெரியாததல்ல.

முகிலியின் சுண்டுவிரல் நேராக இருக்காது. நாம் வரைந்த முதல் படத்திலிருந்தே அது உள்பக்கம் வளைந்திருக்கும். ஏனென்றால் அது என் விரல், பஸ் கதவில் சிக்கி ஒடிந்து கோணலாகக் கூடிய விரல். என் இடது கையைச் சாப்பாட்டு மேசையில் அசையாமல் வைத்து, "அனங்காத, இச்சிரி நேரமாக்கும்" என்று சொல்லி நீங்கள்தான் பார்த்துப் பார்த்து வரைவீர்கள். முடிப்பதற்குள் டீ ஆறிப்போகும். கதாசிரியர் எழுதாத வளைவு அது. இருந்தாலும் வாசகர்களுக்கு இப்போது முகிலி கை என்றால் அந்த வளைவுதான். இந்த முறை நீங்கள் அனுப்பிய கோட்டில் சுண்டுவிரல் குச்சி மாதிரி நீட்டிக்கொண்டு நின்றது. யார் கையைப் பார்த்து வரைந்தீர்கள்?

விரல் இருக்க வேண்டிய இடத்தில், கொஞ்சம் கீழே, வளைந்த விரலை நிறத்தில் போட்டேன். உங்கள் நேரான விரலுக்குத் தோல் நிறம் கொடுக்கவில்லை, வடத்தின் பழுப்பை அதன்மேல் அப்படியே ஓடவிட்டேன். பார்க்கிறவர்கள் அதை நிழலில் கிடக்கும் விரல் என்று எண்ணிவிட்டார்கள். உங்கள் கோட்டை நான் அழிக்கவில்லை. அழிக்கவும் மாட்டேன். கல்யாணமான முதல் வருடம் முகிலியின் புருவக் கோட்டை கொஞ்சம் தடிப்பாக்கிவிட்டேன் என்று நீங்கள் மூன்று நாள் சாப்பாட்டு மேசைக்கு வராமல் இருந்தது ஞாபகம் உண்டா? அன்றைக்கு வைத்த சட்டம்தானே. மேலே இருக்கும் கோட்டு லேயர் உங்களுடையது, அடியில் இருக்கும் நிற லேயர் என்னுடையது, ஒருவருடையதில் மற்றவர் கைவைக்கக் கூடாது. நான் வைக்கவில்லை.

ஃபைல் திரும்பி வந்தபோது நீங்கள் பார்க்கவே இல்லையா?

லிஷா


குளத்தூர்,
நவம்பர் 8

லிஷா,

யார் கை என்று கேட்டாய். என் கைதான். மேசையில் வேறு கை இல்லை.

உன் கையை எடுத்த போட்டோ கம்ப்யூட்டரில் கிடக்கிறது. அதைப் பார்த்தே வரைந்திருக்கலாம். திறந்து வைத்தேன். பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை, மூடிவிட்டேன்.

உதியன்குளங்கரை ஃப்ளெக்ஸ் போர்டு கடையில் இப்போது முழுக்கப் பஞ்சாயத்துத் தேர்தல் வேலை. வேட்பாளர்களின் முகத்தைத் துடைத்துத் துடைத்து எனக்கு என் முகமே மறந்துவிடும்போல் இருக்கிறது. நேற்று பொன்னப்பன் அண்ணன் வந்து பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். "எலே ஸ்ரீ, இச்சிரிகூடி வெளுப்பிச்சு விடணும் கேட்டியா. மீசைக்குக் கொஞ்சம் கறுப்பு போடு. ஆனா பாத்தா நான்தான்னு தெரியணும், அது முக்கியமாக்கும்" என்றார். சொன்னதை எல்லாம் செய்து முடித்தபோது அவர் மனைவி பிரேமகுமாரி அக்கா கடைக்கு வந்தார். போர்டைப் பார்த்துவிட்டு, "இது ஆரு?" என்று கேட்டார். உன்னிடம் நேரில் சொல்லிச் சிரிக்க வேண்டியது. எழுதினால் அவ்வளவு நன்றாக வரவில்லை.

நீ கேட்டதற்கு வருகிறேன். பார்த்தேன். ஃபைல் திரும்பி வந்த உடனேயே உன் விரலைப் பார்த்தேன். வளைவைக் கண்டதும் என்னுடையதுதான் தப்பு என்று தெரிந்தது. நீ கடைசியாக ஒரு முறை திறப்பாய், இரண்டில் எது இருக்கட்டும் என்று நீயே ஒரு வார்த்தை சொல்வாய் என்று விட்டுவிட்டேன். அடுத்து 'முடிந்தது' என்று உன்னிடமிருந்து ஒரு வரி வந்தது. ஆறு விரலோடு நீ முடித்திருக்கிறாய் என்றால் ஏதோ காரணம் இருக்கும் என்று நினைத்துப் போட்டுவிட்டேன். உன் நிறத்தில் நான் கைவைக்கக் கூடாது அல்லவா.

ஸ்ரீஜித்


பாறசாலை,
நவம்பர் 10

ஸ்ரீ,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் முதலில் சிரிப்பு வந்தது. பிறகு கோபம் வந்தது. பிறகு இரண்டுக்குமே தெம்பில்லை.

நானும் பார்த்தேன். இரண்டு விரலும் நிற்பதைப் பார்த்துவிட்டுத்தான் 'முடிந்தது' என்று எழுதினேன். தப்பு என்று உங்களுக்கே தெரியும், நீங்களாக அழிப்பீர்கள், அழிக்கும்போது என்னிடம் ஏதாவது சொல்வீர்கள் என்று காத்திருந்தேன். நீங்கள் ஒன்றும் சொல்லாமல் படத்தைத் தூக்கிக் குழுவில் போட்டுவிட்டீர்கள்.

இது விரல் விஷயம் மட்டும்தானா? அப்பா குளிமுறியில் விழுந்து இடுப்பு ஒடிந்ததால்தான் இங்கே வந்தேன். அவர் எழுந்து நடமாடத் தொடங்கியதும் திரும்பி வருவதாகத்தான் இருந்தேன். அதற்குள் ஒரு நாள் உங்கள் சிநேகிதன் தீபுவின் ஸ்கூட்டரில் என் துணி முழுவதும் வந்து இறங்கியது. துணிக்கு மேலே என் டேப்லெட். பேனாவும் சார்ஜரும் தனித்தனியாகப் பொதிந்து வைத்திருந்தீர்கள். அம்மா வாசலில் நின்று பார்த்துவிட்டு, "என்ன மக்கா, ஒண்ணும் பாக்கி வைக்காம குடுத்து விட்டிருக்கான்" என்றாள். நான் நிறம் போடுகிற டேப்லெட்கூட அந்த வீட்டில் இருக்க வேண்டாம் என்றால், நான் எதற்கு?

ஏன் என்று நான் கேட்கவில்லை. நீங்களும் சொல்லவில்லை. கொஞ்ச நாள் கழித்து ஒரு புதுக் கோட்டு ஃபைல் வந்தது. நிறம் போட்டு அனுப்பினேன். அன்றிலிருந்து ஃபைல் மட்டும் போகிறது, வருகிறது.

நான் இதை டைப் செய்வதைப் பார்த்துவிட்டு அம்மா, "ரெண்டு பேருக்கும் வாயி உண்டுதானே, எதுக்கு இந்த எழுத்து?" என்று கேட்கிறாள். வாய் இருந்தபோது என்ன பேசினோம் என்று அவளுக்குத் தெரியாது. ஒரே வீட்டில் இருந்த கடைசி வருடம் நாம் பேசியது எல்லாம் முகிலியைப் பற்றித்தான். கடைசிப் பாகத்தில் மறுகரையில் நிற்கிற சேந்தனுக்காக அவள் வடத்தை இழுப்பாளா, இல்லை, விட்டுவிட்டுத் தோணியை ஆற்றோடு போகவிடுவாளா என்று மணிக்கணக்காகப் பேசுவோம். நீங்கள் இழுப்பாள் என்பீர்கள். நானும் அப்போது அப்படித்தான் சொன்னேன்.

லிஷா


குளத்தூர்,
நவம்பர் 14

லிஷா,

டேப்லெட்டை ஏன் அனுப்பினேன் என்று நீ கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேன். நிறம் போடாமல் நாலு நாள் இருந்தால் உன் முகம் எப்படி ஆகும் என்று எனக்குத் தெரியும். அப்பாவையும் பார்த்துக்கொண்டு, லாபுக்கும் ஓடிக்கொண்டு, அதுவும் இல்லாமல் எப்படி இருப்பாய் என்று நினைத்தேன். துணியில் எது உனக்கு வேண்டியிருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை, அதனால் இருந்ததை எல்லாம் வைத்தேன். என் அம்மா அப்போதே சொன்னாள். "எலே, இப்பிடி வாரிக் கெட்டிக் குடுத்து விட்டா அந்தப் பிள்ள என்னண்ணு நினைக்கும்?" என்று கேட்டாள். நான் காதில் வாங்கவில்லை. உன்னை எனக்குத் தெரியாதா என்ற தைரியம்.

இனி படத்துக்கு வருகிறேன். வரைவது இரண்டு பேர் என்று சத்தியதாஸ் சாரிடம் சொல்லிவிட்டேன். அவர் நம்பினாரா என்று தெரியவில்லை. கையைத் திருத்தி, அவரவர் லேயரை அவரவர் மெயிலிலிருந்து தனித்தனியாக அனுப்பச் சொல்கிறார். அங்கே அவர்களே ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்ப்பார்களாம். பொருந்தி வந்தால் படம் புத்தகத்தில் இருக்கும், குழுவிலும் அவரே எழுதிவிடுவதாகச் சொன்னார்.

அதோடு இன்னொன்று கேட்டார். படத்துக்கு அடியில் யார் பெயர் போட வேண்டும்?

இதை உனக்கு எப்படி எழுதுவது என்று தெரியாமல்தான் இவ்வளவு தாமதம். உன் அண்ணன் நிபின் வக்கீலைப் பார்த்துவிட்டு வந்ததாகத் தீபு சொன்னான். அப்படியானால் நம் இருவர் பெயரும் சேர்ந்து ஒரு புத்தகத்தில் கிடப்பது உனக்குச் சங்கடமாக இருக்கும். ஃபைலில் இருப்பதை எப்போது வேண்டுமானாலும் அழிக்கலாம், அச்சில் விழுந்ததை அழிக்க முடியாது. உன் பெயரை மட்டும் போடச் சொல்கிறேன். எனக்கு வருத்தம் இல்லை.

ஸ்ரீஜித்


பாறசாலை,
நவம்பர் 16

ஸ்ரீ,

உங்களுக்கு வருத்தம் இல்லாததும், அன்றைக்கு நீங்கள் குற்றமாகச் சொல்லாததும் ஒன்றுதான். இரண்டையும் நான் நம்பவில்லை.

நிபின் அண்ணன் வக்கீலைப் பார்த்தது உண்மை. என்னிடம் கேட்டுவிட்டுத்தான் போனான். நான் போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. அப்பாவைக் குளிப்பாட்டிப் படுக்க வைத்துவிட்டு அப்போதுதான் வந்து நின்றேன். யாராவது எதையாவது முடிவு செய்துவிட்டால் போதும் என்று இருந்தது. பேப்பர் தயாராகிவிட்டது. நான் கையெழுத்துப் போட்டால் உங்களுக்கு வரும். இதுவரை போடவில்லை.

பெயரை விட்டுக்கொடுத்துப் பெரிய மனுசன் ஆக வேண்டாம். போட்டால் இரண்டு பெயரும் போடட்டும், இல்லாவிட்டால் படமே வேண்டாம். எனக்குச் சங்கடமா இல்லையா என்பதை நான் சொல்லிக்கொள்கிறேன். இத்தனை வருடம் ஒரே ஆள் என்று நினைத்தவர்கள் இரண்டு பேர் என்று தெரிந்துகொள்ளட்டும்.

முகிலி வடத்தை விட்டுவிடுவாள் என்றுதான் இப்போது நினைக்கிறேன். சேந்தன்மேல் கோபத்தால் அல்ல. எவ்வளவு நேரம்தான் பிடித்துக்கொண்டு நிற்பாள்? கை வலிக்காதா? அந்த மனுசனும் மறுகரையில் நின்று பார்த்துக்கொண்டுதானே இருக்கிறான், வாயைத் திறந்து கூப்பிடுகிறானா?

நீங்களும் அப்படித்தான். வக்கீல் பேச்சு காதில் விழுந்த பிறகுகூட 'வா' என்று ஒரு சொல் வரவில்லை. நான் போனால் போகட்டும் என்று நினைக்கிறீர்களா, அல்லது நானே முடிவு செய்துகொள்வேன் என்று அந்த விரலை விட்ட மாதிரி என்னையும் விட்டுவிட்டீர்களா? இதற்கு மட்டும் பதில் எழுதுங்கள்.

லிஷா


குளத்தூர்,
நவம்பர் 18

லிஷா,

என் விரலை அழித்துவிட்டேன். கோட்டு லேயரைக் காலையிலேயே சத்தியதாஸ் சாருக்கு அனுப்பியாயிற்று. உன் விரல்தான் சரி, அது இருக்கட்டும். நீ ஒன்றையும் மாற்றாமல் உன்னுடையதை அனுப்பு. இரண்டு பெயரும் போடச் சொல்லிவிட்டேன்.

நீ கேட்டதற்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். கடையில் மூன்று வேட்பாளர்கள் நிற்கிறார்கள், மூன்று பேருக்கும் வெளுக்க வேண்டும். பிறகு எழுதுகிறேன்.

ஸ்ரீஜித்


பாறசாலை,
நவம்பர் 18

ஸ்ரீ,

லாபிலிருந்து பஸ்ஸில் வரும் வழியில் எழுதுகிறேன். இன்று வந்த மெயில் எதையும் திறந்து பார்க்கவில்லை. நீங்கள் ஏதாவது எழுதியிருந்தால் வீட்டுக்குப் போய்த்தான் பார்க்க வேண்டும்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் என் லேயரைச் சத்தியதாஸ் சாருக்கு அனுப்பிவிட்டேன். வளைந்த விரலை எடுத்துவிட்டேன். உங்கள் நேரான விரலே இருக்கட்டும். மேசையில் வேறு கை இல்லை என்று நீங்கள் எழுதியது மனத்தைவிட்டுப் போகவில்லை. ஒரு விரலுக்காக இனிச் சண்டை வேண்டாம், எனக்கு முடியவில்லை.

லிஷா


குளத்தூர்,
நவம்பர் 20

லிஷா,

சத்தியதாஸ் சார் இன்று போன் செய்தார். இரண்டு லேயரையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்த்திருக்கிறார். "தம்பி, முன்ன ஆறு இருந்துது. இப்ப பெருவிரலையும் சேத்து நாலாக்கும் இருக்கு. ஆளுக்கொண்ண அழிச்சாச்சு, இல்லியா?" என்றார். அவரே தொடர்ந்தார். "எனக்கு இனி சாட்சி ஒண்ணும் வேண்டாம். மெஷினுக்கு இப்பிடித் தப்பு பண்ணத் தெரியாது. இது ஒருத்தர ஒருத்தர் பயந்துகிட்டு இருக்கிய ரெண்டு பேரு வேலையாக்கும். செவ்வாக்கெழமைக்குள்ள கைய முழுசாக்கித் தாங்க, நான் பக்கத்த வச்சிருக்கேன்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அழித்த விரல்கள் பழைய ஃபைலில் இருக்கத்தான் செய்கின்றன. உன்னுடையதைத் திரும்ப எடுத்து வைத்தால் டீ குடிக்கிற நேரத்தில் வேலை முடிந்துவிடும். எனக்கு அதற்கு மனம் வரவில்லை. போட்டோவையும் திறக்காமல், ஞாபகத்திலிருந்து புதிதாகக் கோடு போட்டுப் பார்த்தேன். வளைவு நுனியில் தொடங்குமா, அதற்கு முந்தைய மடிப்பில் தொடங்குமா என்று மறந்துபோயிருக்கிறது. இத்தனை வருடம் பார்த்து வரைந்த கை. அது மறந்துபோகும் என்று நான் நினைத்ததே இல்லை. அது தெரிந்ததும் எனக்குப் பயம் வந்துவிட்டது, லிஷா.

நீ கேட்டதற்கு இதுதான் பதில். நீ போகட்டும் என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. நீயே முடிவு செய்துகொள்வாய் என்றுதான் விட்டுவிட்டேன். அது உனக்குக் கொடுக்கிற மரியாதை என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறந்து கூப்பிட்டு நீ வரமாட்டேன் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயமும் உண்டு.

வா. விரலுக்காக மட்டும் சொல்லவில்லை.

ஸ்ரீஜித்


பாறசாலை,
நவம்பர் 21

ஸ்ரீ,

இந்த ஒரு சொல் வர ஆறு விரல் வேண்டியிருந்திருக்கிறது.

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். எனக்குக் கோபம் தீரவில்லை, அதை எடுத்துப் பேசத்தான் தெம்பில்லை. வக்கீல் கொடுத்த பேப்பர் அலமாரியில் இருக்கிறது. கையெழுத்துப் போடவும் இல்லை, கிழிக்கவும் இல்லை. அப்பாவை ஞாயிறுவரை நிபின் அண்ணன் பார்த்துக்கொள்வான். அம்மாவிடம் சொன்னேன். "போயிட்டு வா மக்கா, வாயையும் கொண்டு போ" என்றாள்.

நாளை லாபில் அரைநாள்தான். பூவார் பஸ்ஸில் வந்து உச்சக்கடையில் இறங்குவேன். துணி ஒன்றும் எடுக்கவில்லை, அதைப் பிறகு பார்க்கலாம். டேப்லெட்டை மட்டும் எடுத்திருக்கிறேன். பேனாவையும் சார்ஜரையும் நீங்கள் செய்த மாதிரியே தனித்தனியாகப் பொதிந்து வைத்தேன்.

சாப்பாட்டு மேசையைத் துடைத்து வையுங்கள். இடது கையை வைக்கிறேன், பார்த்து வரையுங்கள். எங்கேயாவது தப்பு கண்டால் காத்திருக்க வேண்டாம், என் நிறத்திலும் நீங்கள் கைவைக்கலாம். உங்கள் கோட்டில் நானும் வைப்பேன். அப்போது மூன்று நாள் மேசைக்கு வராமல் இருக்கக் கூடாது.

லிஷா